ஐஸ் அக்காவின் கைகள்

ஐஸ் அக்காவோடு ஒரு தடவை கை குலுக்கியவர்கள் அடுத்த தடவை தூரத்திலிருந்தே கும்பிடு போட்டுவிடுவார்கள். அவள் கை அப்படி. தொட்டால் ஐஸ், தடவினால் உப்புத்தாள். விரல் நுனி ஒவ்வொன்றிலும் வெடிப்பு. வெயில் காலமோ மழைக் காலமோ, அந்த வெடிப்புகளுக்கு மட்டும் லீவு கிடையாது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை ஐஸ் பெட்டியில். அதற்கு நீளமாக வேறு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. உறைந்த சதையை உள்ளே வைத்துச் சீவும் பெட்டி அது. முடியை விட மெல்லிசாகச் சீவல் விழ வேண்டும். விழுந்த சீவல் சும்மா இருக்காது, ஓரம் சுருண்டுகொள்ளும். மெல்லிய தூரிகையால் அந்த ஓரத்தைத் தொட்டுத் தொட்டு விரித்து, கண்ணாடித் தகட்டைப் பக்கத்தில் கொண்டுபோனால் சீவல் தாவி ஒட்டிக்கொள்ளும். கேட்க எளிது. நான் ஒரு நாள் முழுக்க முயன்று பார்த்தேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் பென்சில் சீவியது போல ஒரு குப்பை. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல தம்பி, கூட்டித் தள்ளிடலாம்" என்றாள்.

நான் அடுத்த அறையில் மெஷின்காரன். அவள் ஒட்டித் தரும் கண்ணாடி என்னிடம் வரும். என் மெஷினில் ஓர் ஊசி இருக்கிறது. ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து, மின்சாரம் ஏற்றி, கண்ணுக்குத் தெரியாத தூறலாக அது சதையின் மேல் தெளிக்கும். தூறல் பட்ட இடத்திலிருந்து மூலக்கூறுகள் கிளம்பும். பக்கத்தில் இருக்கும் குழாய் அவற்றை உறிஞ்சிக்கொண்டு போய் ஒவ்வொன்றையும் எடை போடும். பிறகு ஊசி மயிரிழை நகரும், மறுபடி தெளிக்கும். தரை துடைக்கிறவள் போல ஒரு ஓரத்தில் ஆரம்பித்து வரிசை வரிசையாகப் போய் மறு ஓரத்தில் முடிக்கும். எல்லாம் முடிந்தால், எந்த மூலக்கூறு சதையில் எங்கே இருக்கிறது என்று ஒரு படம் கிடைக்கும். எந்த எடையைக் கேட்கிறோமோ அந்த எடைக்கு ஒரு படம்.

இதே வேலையைச் செய்யும் மற்ற மெஷின்களில் சதையைக் காற்றில்லாத பெட்டிக்குள் பூட்ட வேண்டும். இதில் வேண்டாம், எல்லாம் திறந்த மேசையில் நடக்கும். அதுதான் இதன் பெருமை. அதுதான் என் தலைவலியும். அறையில் இருக்கிற எல்லாமே படத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருவர் தலைக்குத் தேய்த்த எண்ணெய், தரை துடைத்த லோஷன், சோப்பு, செண்ட். சாதாரண மெஷினிடம் பொய் சொல்லலாம், இதனிடம் முடியாது. அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம்: செண்ட் கூடாது, பவுடர் கூடாது, கைக்கு எந்தக் கிரீமும் கூடவே கூடாது. கையைக்கூடச் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். கையுறை மாற்றும்போதெல்லாம் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைக்க வேண்டும். மற்றவர்களுக்கு இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். நாளெல்லாம் குளிரிலும் ஸ்பிரிட்டிலும் கையை வைத்திருக்கிற அக்காவுக்கு அது தண்டனை.

"வலிக்கலயாக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வலிக்குது. கேட்டுட்டீங்கல்ல, இனிமே வலிக்காது" என்றாள்.

அவள் பேச்சு இப்படித்தான். கோபம் இருக்காது, களைப்பு இருக்கும். அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் அடுத்த நிமிடம் தூங்கிவிடுவாள். தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கி, சிந்தாமல் எழுந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். சிரிக்கிறவர்கள் அவள் வீட்டுக்கு ஒரு நாள் போய்விட்டு வந்து சிரிக்கட்டும்.

நான் போயிருக்கிறேன். மருத்துவமனைக்காரர்கள் வேண்டாம் என்று கழித்துப் போட்ட காற்று மெத்தை ஒன்றை அவளுக்கு வாங்கிக் கொடுத்து, தூக்கிக்கொண்டு நானே போனேன். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படி ஏறி முடிக்கும்போது எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

உள்ளே கட்டிலில் அவள் வீட்டுக்காரர். லாரி டிரைவராக இருந்தவர். சரக்கு இறக்கும் இடத்தில் மேலிருந்து விழுந்து முதுகுத்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவராகப் புரள முடியாது, அப்படியே கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும். அதனால் இரவில் சாமத்துக்குச் சாமம் எழுந்து அக்கா அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விழுந்த நாளிலிருந்து இப்படித்தான். அக்கா ஒரு முழுத் தூக்கம் தூங்கியது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை.

ஆனால் மனிதருக்கு வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, சும்மா போகாதீங்க தம்பி. இறங்குறப்ப என்னையும் எடுத்துட்டுப் போங்க" என்றார்.

ஜன்னல் கம்பியில் ஒரு லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி கட்டியிருந்தது. படுத்தபடியே தெருவைப் பார்ப்பதற்காக. அவர் ஓட்டிய வண்டியின் கண்ணாடியாம், கேட்டு வாங்கிக்கொண்டாராம். "அந்த முனையில டீக்கடை, இந்த முனையில சைக்கிள் கடை. நடுவுல யார் யாரு கடன்காரனுக்கு ஒளிஞ்சு போறாங்கன்னு எனக்கு அத்துப்படி" என்றார். விழுந்தவரை மேலே தூக்கிக்கொண்டு வந்த பிறகு அவர் கீழே இறங்கியதே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தால் நாலு பேர் வேண்டும். நாலு பேரைச் சேர்ப்பதற்குள் காய்ச்சலே விட்டுவிடும் என்பார்.

மகள் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பு. 'சின்னது' என்றுதான் வீட்டில் கூப்பிடுகிறார்கள், பெரியது என்று யாரும் இல்லாவிட்டாலும். அவள் ஒரு மூலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் கவனித்தபடி இருந்தாள். அம்மா எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தபோது அந்தப் பெண் பார்த்தது குவளையை இல்லை, அம்மாவின் விரல்களை. அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

அக்காவின் வேலை தற்காலிக வேலை. வருடா வருடம் நீட்டிப்பார்கள். நிரந்தரம் ஆனால் வளாகத்துக்குள்ளேயே வீடு உண்டு. அதில் கீழ்த்தளத்து வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. வாசலில் படிகூட இல்லை, சரிவாக சிமெண்டு போட்டது. சக்கர நாற்காலியைத் தள்ளினால் நேரே வேப்பமரத்தடிக்குப் போய்விடலாம். சாப்பாட்டு இடைவேளையில் அக்கா சில நாள் அந்தப் பக்கம் நடந்துபோய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுவிட்டு வருவாள். ஒரு நாள் என்னையும் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"கட்டில இந்த ஜன்னலோரம் போட்டா போதும் தம்பி. கண்ணாடியே வேணாம்" என்றாள்.

அவள் எதற்காவது ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

நிரந்தரம் எப்போது ஆகும்? எங்கள் பிரிவு நிரந்தரம் ஆனால் ஆகும். பிரிவு எப்போது நிரந்தரம் ஆகும்? உருப்படியாக எதையாவது கண்டுபிடித்தால் ஆகும். நாங்கள் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்: புற்றுநோய்க் கட்டி எங்கே முடிகிறது, நல்ல சதை எங்கே தொடங்குகிறது. அறுக்கிற டாக்டருக்கு அந்த எல்லைதான் தெரிய வேண்டும். குறைத்து வெட்டினால் கட்டி மிஞ்சும், கூட்டி வெட்டினால் மனிதன் மிஞ்சமாட்டான். அதற்காக எலிகளுக்கு வளர்ந்த சுண்டுவிரல் நகத்தளவு கட்டிகளை முழுசாக எடுத்து, அக்கா சீவி, நான் எடை போட்டு, மேடம் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். மேடம்தான் எங்கள் பிரிவுத் தலைவி. நல்லவர்தான். ஆனால் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு நாள் வளையம் வந்தது.

திரையில் கட்டியின் படம் மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. இதுவரை நாங்கள் கவனிக்காத ஓர் எடை. அதைத் தட்டிப் பார்த்தால், கட்டியின் ஓரத்தை மட்டும் சுற்றி ஒரு மெல்லிய வெளிச்ச வளையம். உள்ளே இருட்டு, வெளியே இருட்டு. எல்லையில் மட்டும் யாரோ கோடு போட்டு வைத்தது போல. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த கண்ணாடியிலும் வளையம். அதற்கடுத்ததிலும். நல்ல சதையை ஓட்டிப் பார்த்தேன், வளையம் இல்லை. சதையே இல்லாத வெறும் கண்ணாடியை ஓட்டிப் பார்த்தேன், அதிலும் இல்லை. மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நின்றவர் நெடுநேரம் நகரவில்லை. பிறகு சிரித்தார்.

பிரிவைப் பார்வையிட மேலிடத்துக் குழு வருவதாக இருந்தது. மேடம் தன் பேச்சை அடியோடு மாற்றி வளையத்தை நடுவில் வைத்தார். அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி, "இது உங்க கைவேலை. இவ்வளவு சுத்தமா யாரும் சீவ முடியாது. இந்தத் தடவை உங்களுக்கு நிச்சயம் ஆயிடும்" என்றார்.

அன்று அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் யாரால் முடியும்? வீட்டுக்காரர் உடனே ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொன்னாராம். "அங்க போனா கண்ணாடி இருக்காதுல்ல, அது இல்லாம இப்பவே பழகிக்கிறேன்" என்றாராம். அக்கா இதைச் சொல்லிச் சிரித்தாள். முன்பல்லில் ஒன்று லேசாக விலகியிருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

குழு வருகிற வாரம். காலையில் நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பையைக்கூட மாட்டாமல் நேரே என் அறைக்கு வந்தாள்.

"தம்பி, மெஷின் சும்மா இருக்கா?"

"இருக்கு. என்னக்கா, வந்ததும் வராததுமா?"

"ஒரு கண்ணாடி ஓட்டணும். சதை இல்ல. என் விரல்."

"ஏங்க்கா, பாஸ்போர்ட்டு எடுக்கப் போறீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. புதுக் கண்ணாடி ஒன்றை எடுத்து ஆள்காட்டி விரலை அதில் அழுத்தி, என் முன்னால் வைத்தாள். "அந்த வளையத்தோட எடை இருக்குல்ல, அதை மட்டும் காட்டுங்க" என்றாள்.

ஓட்டினேன். ஊசி தன் பாட்டுக்கு வரிசை வரிசையாகப் போனது. அக்கா, என்ன ஆச்சரியம், தூங்கவே இல்லை. திரையில் மேலிருந்து ஒவ்வொரு கோடாக அவளுடைய ரேகை வந்தது. வளைந்து வளைந்து, சுழித்து, அவ்வளவு தெளிவாக. அதை விட வெளிச்சமாக, ரேகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சில கோடுகள். அவை வெடிப்புகள். அந்த மூலக்கூறு எல்லா இடத்தையும் விட அங்கேதான் அதிகமாக இறங்கியிருந்தது.

எல்லாம் அதே எடை. வளையத்தின் எடை.

"கிரீமா?" என்றேன்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். காலையில் நடந்ததைச் சொன்னாள்.

அவளும் சின்னதும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். பள்ளிக்கூட ஸ்டாப் முதலில், எங்கள் ஸ்டாப் அதற்கப்புறம். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அக்கா தூங்கிவிடுவாள். சின்னது இறங்கும்போது தட்டி எழுப்பிவிட்டுப் போகும். அன்றைக்கு டிரைவர் சட்டென்று பிரேக் போட்டதில் அக்காவுக்கு விழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்கவில்லை. தன் கையை யாரோ பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒவ்வொரு விரலாக எடுத்து, வெடிப்புக்குள் இறங்கும்படி மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தது மகள்தான். பக்கத்தில் மகளின் தோழி, மருந்துக்கடைக்காரர் பெண்.

"உங்கம்மா கிரீம் போடவே கூடாதுன்னு சொன்னாங்கன்னியே?" என்று தோழி கேட்டிருக்கிறாள்.

"அது சும்மாடி. எங்கம்மா பசிக்கலம்பாங்க, நாங்க சாப்பிட்டு எழுந்ததும் சட்டிய வழிச்சுச் சாப்பிடுவாங்க. குளிரலம்பாங்க, போர்வைய என் மேல போட்டுட்டு நடுங்கிட்டு இருப்பாங்க. அந்த மாதிரிதான் இதுவும். தனக்குன்னா எதையும் வேணாம்பாங்க. தூங்குறப்பதான் போட்டு விடணும். வாசனை வந்தா கண்டுபிடிச்சிடுவாங்கன்னுதான் உங்கப்பா கடையில வாசனை இல்லாததா கேட்டேன்."

அக்கா இதை அப்படியே சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "அவகிட்ட நான் சொன்னதுலயே அது ஒண்ணுதான் தம்பி நெசம். அதைப் போய் அவ நம்பல."

மனசு ஒரு பக்கம் கரைகிறது, மறு பக்கம் பற்றி எரிகிறது. யார் மேல் கோபப்படுவது? அந்தப் பெண் மேலா?

மீதியை யோசிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. அக்கா காலையில் வந்ததும் முதல் வேலையாகத் தூரிகை மயிரை விரல் நுனியால் உருவிக் கூராக்குவாள், ஊசியில் கோக்குமுன் நூலை உருவுவது போல. கையுறை அதற்குப் பிறகுதான். வெறும் தண்ணீருக்குப் போகாத கிரீம் விரலிலிருந்து தூரிகைக்குப் போனது, தூரிகையிலிருந்து சீவலுக்கு. சீவலில் தூரிகை தொடுவது சுருண்ட ஓரத்தை மட்டும்தான். அதனால் ஓரத்தில் மட்டும் வளையம். நல்ல சதையில் ஏன் வரவில்லை? பிளேடு புதிதாக இருக்கும் காலையில் அக்கா கட்டியைச் சீவுவாள், அதுதான் முக்கியம் என்று. நல்ல சதை மத்தியானத்துக்கு. அதற்குள் பலமுறை ஸ்பிரிட்டில் துடைத்துக் கை சுத்தமாகிவிடும், தூரிகையையும் அலசிவிடுவாள். வேலையை ஒழுங்காகச் செய்தாள் பாருங்கள், அதுதான் எங்களை ஏமாற்றிவிட்டது. மாற்றி மாற்றிக் கண்டபடி சீவியிருந்தால் என்றைக்கோ பிடிபட்டிருக்கும்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"அக்கா, இது நமக்கு மட்டும்தான் தெரியும். குழு வந்துட்டுப் போகட்டும். வேலை நிச்சயமாகட்டும். வீடு கிடைக்கட்டும். அப்புறமா நாமளே மெதுவா, 'ஒரு சந்தேகம் மேடம்'னு சொல்லலாம். குடியா முழுகிடும்?"

அவள் உடனே மறுக்கவில்லை. அதை நான் சொல்லியே ஆக வேண்டும். திரையில் இருந்த தன் ரேகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பூட்டிய கதவும் சிமெண்டுச் சரிவும் அவளுக்கு முன்னால் வந்து போயிருக்கும். வேப்பமரம்கூட. ஒரு பெருமூச்சு விட்டாள்.

"ஏற்கெனவே தூக்கம் இல்ல தம்பி" என்றாள். "கிடைக்கிற கொஞ்சத்தையும் இதுக்குக் குடுக்க முடியாது."

எழுந்து மேடம் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

மேடம் ரேகைப் படத்தை வாங்கிப் பார்த்தார். படித்தவர், பார்த்ததும் புரிந்துவிட்டது. முகத்தில் ஒவ்வொரு விளக்காக அணைவது போல இருந்தது. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"கிரீம் போடக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"யாராவது போட்டு விட்டாங்களா? இல்ல, நீங்களே போட்டுக்கிட்டீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஐஸ் பெட்டியே தேவலை. வாயை மூடிக்கொண்டேன்.

"நானேதான் மேடம். கை ரொம்ப எரிஞ்சுது. பொறுக்க முடியாம போட்டுக்கிட்டேன்."

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போங்க" என்றார். குழுவுக்கு முன்னால் வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய படங்களை வைத்துப் பழைய பேச்சைப் பேசினார். குழு டீ குடித்துவிட்டு, முயற்சி பாராட்டத்தக்கது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. பிரிவுக்கு வழக்கம் போல ஒரு வருட நீட்டிப்பு. நிரந்தரம் பற்றிப் பிறகு பார்க்கலாமாம். அக்காவுக்குத் தனியாக ஒரு மெமோ, விதியை மீறியதற்காக. கீழ்த்தளத்து வீட்டுக்கு அடுத்த மாதமே வேறு பிரிவு எலெக்ட்ரீஷியன் குடிவந்தார். நல்ல கால்கள், ஓடியாடுகிறவர். அவர் மேல் எனக்கு என்ன விரோதம்? ஆனால் அந்தப் பக்கம் நடந்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வீட்டில் என்ன சொன்னாள் என்று பிறகு ஒரு நாள் கேட்டேன்.

"வீடு வேற யாருக்கோ போயிடுச்சுன்னு சொன்னேன். நம்மள விடக் கஷ்டப்பட்டவங்களுக்குக் குடுத்துட்டாங்கன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'விடு, கீழ போனா எல்லாரையும் அண்ணாந்து பாக்கணும். இங்கேருந்தா எவனா இருந்தாலும் நமக்குக் கீழதான்'னாரு. சிரிச்சோம். அப்புறம் அந்தக் கண்ணாடிய எடுத்து மாட்டப் போனேன். வெயில் கண்ணுல அடிக்குது, நாளைக்கு மாட்டிக்கலாம்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "அந்த ஜன்னல்ல வெயிலே வராது தம்பி" என்றாள்.

சின்னதுக்கு எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அது பாசமாப் பண்ணுனது. நாளைக்கு அப்பா ஜன்னலப் பாக்குறப்பல்லாம் அவளுக்கு அதுதானே ஞாபகம் வரும்?"

அப்படியானால் கிரீம் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. எப்படியோ பேசி நிறுத்தியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் எந்தப் படத்திலும் வளையம் வரவில்லையே.

பிறகு ஒரு நாள் என் வண்டி பஞ்சர். அவர்கள் வருகிற பஸ்ஸில் நானும் ஏறினேன். முன்னால், ஜன்னலோரத்தில் அக்கா தலையைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். பக்கத்தில் சின்னது. மடியில் ஒரு சின்ன டியூப். அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்து, சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் பின்னால் நிற்பதைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தது.

"சத்தம் போடாதீங்க மாமா. அம்மா தூங்குறாங்க."

நான் தலையை ஆட்டினேன்.

"தினம் போட்டு விடறேன். ஆனா வெடிப்பு ஆறவே மாட்டேங்குது" என்று கிசுகிசுத்தது. "முன்னாடி கொஞ்சம் நல்லா ஆயிட்டு வந்துச்சு. இப்ப முன்னைய விட மோசம். இது மூணாவது கம்பெனி. உங்க மெஷின்ல எதுல என்ன இருக்குன்னு தெரியும்னு அம்மா சொல்வாங்க. நல்ல கிரீம் எதுன்னு பாத்துச் சொல்றீங்களா மாமா?"

நான் அக்காவைப் பார்த்தேன். கண் மூடியே இருந்தது. ஆனால் தூங்குகிறவர்களின் கை பாரமாக இருக்கும். அந்தக் கை பாரமாக இல்லை. மகள் அடுத்த விரலுக்குப் போகும்போது, அந்த விரல் தானாகவே கொஞ்சம் நீண்டு கொடுத்தது.

"இதுவே நல்ல கிரீம்தாம்மா. நிறுத்தாம போடு" என்றேன்.

பள்ளிக்கூட ஸ்டாப்பில் சின்னது அம்மாவின் தோளைத் தட்டியது. அக்கா திடுக்கிட்டு எழுவது போல எழுந்து, கண்ணைக் கசக்கி, "வந்துடுச்சா?" என்றாள். நன்றாகவே நடித்தாள். மகள் இறங்கி, கூட்டத்துக்குள் மறைகிற வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் பையை மாட்டினாள். குழாயடிக்குப் போய், பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தாள். மேலே துடைத்தால் போதாது. வெடிப்புகளுக்குள்ளும் பஞ்சைச் செருகித் துடைத்தாள், எதுவும் மிச்சமில்லாமல். பல்லைக் கடித்துக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் வந்தது. சுண்டுவிரல் கடைசி.

பிறகு தூரிகையை எடுத்துக் கூராக்கினாள்.